காலையில் மட்டும் மங்கும் கண்

அன்பு மகளுக்கு,

வெள்ளிக்கிழமை போனில் "புரை ஆபரேஷன்தானேம்மா, கால் மணி நேர வேலை" என்றாய். அப்பா பக்கத்திலேயே இருந்ததால் உன்னிடம் முழுதும் சொல்லவில்லை.

திருமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். லென்ஸுக்கு அளவு எடுத்தபின் டாக்டரம்மா கருவிழியின் உட்பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டினார். தேன்கூடு மாதிரி செல்கள், நடுநடுவே கருப்புத் திட்டுகள். ஃபக்ஸ் டிஸ்ட்ரோபி என்கிற கருவிழி நோயாம். கருவிழியில் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றுவது அந்தச் செல்கள்தானாம். போனால் திரும்ப முளைக்காது. இளவயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3000 இருக்கும், எனக்கு 1100. 500-ஐ ஒட்டி இறங்கினால் கருவிழி வீங்கி மங்கிவிடும். புரை எடுக்கும்போது யாருக்குமே கொஞ்சம் செல் போகத்தான் செய்யுமாம்.

"காலையில் மங்கலாக இருந்து, பொழுது ஏற ஏறத் தெளிகிறதா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. கோலப்புள்ளி தெரியாமல் தடுமாறுகிறேன், மத்தியானம் அரிசியில் கல் பொறுக்குகிறேன். பனி என்றே நினைத்திருந்தேன். இரவெல்லாம் கண் மூடியிருப்பதால் கருவிழியில் நீர் தங்கிவிடுகிறதாம். உன் அம்மாச்சியும் விடிகாலையில் சுவரைத் தடவித் தடவி நடப்பாள், உச்சிப்பொழுதில் பூக்கட்டுவாள். வேலைக்குச் சாக்குச் சொல்கிறாள் என்று வீட்டில் பேசினோம். நானும் பேசினேன். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

பின்னால் கருவிழி மாற்ற வேண்டி வருமா என்று கேட்டேன். முன்பு கருவிழியின் தடிமன் 640 மைக்ரானைத் தாண்டினால் வரும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்களாம். இப்போது அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாமல், உள்ளே வீக்கம் ஒளிந்திருக்கிறதா என்று கருவிழியின் வரைபடத்தையும் பார்க்கிறார்கள். எனக்கு அந்த வீக்கம் லேசாகத்தான் இருக்கிறது. தள்ளிப்போட்டால் புரை கெட்டிப்படும், உடைக்க அதிக அதிர்வு வேண்டும், செல் இன்னும் போகும். அதனால் இந்த மாதமே செய்துகொள்கிறேன். மாற்றும்படி ஆனாலும், தானமாக வந்த கண்ணிலிருந்து உள்ளடுக்கை மட்டும் எடுத்து வைத்து, காற்றுக் குமிழால் ஒட்டவைப்பார்களாம். மல்லாந்து படுத்திருந்தால் போதும்.

சரி, இதை எழுதியதே உனக்காகத்தான். இந்த நோய் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது, பெண்களுக்குத்தான் அதிகம். கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்யப்போகிறேன் என்றாயே, அதற்கு முன் அம்மாச்சி கதையையும் என் கதையையும் அங்கே டாக்டரிடம் சொல். செல்லை எண்ணிப் பார்க்கச் சொல். அதுவரை பணம் கட்டாதே, கண்ணு.

டிக்கெட் போட வேண்டாம். சித்தி வந்து பத்து நாள் இருப்பாள், சொட்டு மருந்தை அப்பா நேரம் பார்த்து விடுவார். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா