பழைய பிளாஸ்டிக் நகை சேகரிப்போர், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாரி மழையில் தள்ளிப்போன ஒன்றைத் தவிர, கூட்டங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. உவர்மலை, உப்புவெளிப் பக்கமிருந்து புதியவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன்: எந்தப் பிளாஸ்டிக் என்று அறியச் சூடாக்கிய ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்திவிடுவோம்.

வைகாசிக் கூட்டத்தில், ஆமையோடு போலத் தெரிந்த கொண்டைச் சீப்பு ஒன்று ஊசி பட்டதும் கருகிப் புகைந்தது. அது செலுலோயிட். நைட்ரிக் அமிலம் ஏற்றிய பஞ்சுநாரோடு கற்பூரம் சேர்த்துச் செய்வது, சட்டெனப் பற்றிக்கொள்ளும். அந்த அங்கத்தவரின் அம்மம்மா அணிந்த சீப்பு அது. இனி யாருக்கும் அப்படி நேரக்கூடாது.

பெருவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கற்பூர வாசம் வந்தால் செலுலோயிட். காரமான மருந்து மணம் வந்தால், பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லண்ட் 1907இல் பீனோலையும் போமல்டிஹைட்டையும் கொண்டு அமெரிக்காவில் ஆக்கிய பேக்கலைட்டாகவோ அதன் இனமாகவோ இருக்கும். புளித்த வினாகிரி மணம், செலுலோஸ் அசிட்டேட் கெடத் தொடங்கியதைக் காட்டும். சுடுதண்ணீரில் நனைத்துப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பால்புரதத்தில் செய்த கலலித் என்ற பிளாஸ்டிக், தண்ணீரை உறிஞ்சி ஊதும், பிறகு வெடிக்கும்.

பச்சைக் காப்பு ஒன்றைப் பற்றிய விவாதமும் குறிப்பில் வர வேண்டும். 1920களின் பிற்பகுதியில் வந்த, பேக்கலைட்டின் இனமான கட்டலின் என்ற பிளாஸ்டிக், பேக்கலைட்டின் கடும் நிறங்களுக்குப் பதிலாகப் பளிச்சென்ற வண்ணங்களைத் தந்தது. ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டு அதன் மேற்பரப்பு மஞ்சளாகும். வெள்ளை வெண்ணெய் நிறமாகும், நீலம் பச்சையாகும். மெருகு போட்டால் உள்ளே நீலம் வரும் என்று சிலர் சொன்னார்கள். வரும்தான். ஆனாலும் அந்த மஞ்சள் பல ஆண்டுகள் சேர்ந்து வந்தது. ஒருமுறை உரித்தால் திரும்பாது. நான் வேண்டாம் என்றேன், பெரும்பான்மையும் அதற்கே இணங்கியது.

அடுத்தது பாதுகாப்பு. நம் ஊரின் உப்புக்காற்றும் மாரியின் ஈரமும் கச்சான் வெக்கையும் செலுலோயிட்டுக்கு எமன். கெடத் தொடங்கினால் அமில ஆவியை விடும். பக்கத்தில் உள்ளதும் கெடும். காப்பின் பிணைப்பில் உலோகம் பச்சை பிடித்தால் அதுவே முதல் அடையாளம். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஆவி உள்ளேயே நிற்கும். காற்றோட்டமான கடதாசிப் பெட்டியில், வெயில் படாமல், தனியே வையுங்கள்.

பொருட்களுக்கு விவரச் சீட்டு எழுதும்போதும் கவனம் தேவை. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்ததால், கிடைக்கும் ஒவ்வொரு புரோச்சையும் அவர்கள் வீட்டுப் பொருள் என்று சொல்லும் ஆசை நமக்கு உண்டு. ஆதாரம் இல்லாவிட்டால் எழுத வேண்டாம். யார் அணிந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதே போதும். மீன் விற்ற ஒரு அம்மா அணிந்த சிவப்புத் தோடும் அதே மதிப்போடு நம் பெட்டியில் இருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் தங்கள் செலுலோயிட் பொருட்களைப் பிரித்துக் கொண்டுவரவும். பெட்டிகளும் கடதாசியும் செயற்குழு வாங்கித் தரும். அதற்கான செலவையும் சந்தா விவரத்தையும் பொருளாளர் இப்போது வாசிப்பார்.