காசிமேட்டு ஆயா நடை

ஆசிரியர் சாருக்கு வணக்கம். அனிமேஷன்னா கம்ப்யூட்டரே போட்டுத் தர்ற பொம்மைன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, ரொம்ப வருத்தமா இருக்கு. ஜப்பான் அனிமேஷன் டைரக்டர் மியாசாகி சின்னப் பையனா இருந்தப்போ அவரோட அம்மா முதுகெலும்பு டிபியில வருஷக்கணக்கா படுத்துட்டாங்க, அந்த ஏக்கம் 1988ல வந்த அவரோட டோட்டோரோ படத்துல ஆஸ்பத்திரில இருக்கிற அம்மாகிட்ட அப்படியே தெரியும். என் தம்பியும் அனிமேட்டர்தான். காசிமேட்டுல 30 வருஷம் மீன் கூடை சுமந்த எங்க ஆயா போன வருஷம் தவறிட்டாங்க, அதுக்கப்புறம் அவன் ஒரு கிழவி நடக்கிற சீன் வரைஞ்சான், இடது கால இழுத்துக்கிட்டு, இடுப்புல கைய ஊனிக்கிட்டு, செகண்டுக்கு 12 படம், அத்தனையும் ஆயாவேதான் சார். அம்மா பாத்துட்டு அழுதுட்டாங்க. இப்படி வரையிறவங்கள பத்தி உங்க சினிமா பக்கத்துல கொஞ்சம் எழுதுங்க.

ஒரு வாசகர், ராயபுரம்