இலந்தைக் கன்று வைக்கலாம், தாராளமாக வை

அன்பு செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்கு ஜொகூரில் வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மூட்டு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனாலும் இந்தத் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறவில்லை, கீழேயே தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கோலாலம்பூர் செந்தூல் வீட்டுப் பின்பக்கம் இலந்தை வைக்க உனக்கு ஆசை. முள் மரம் குடும்பத்துக்கு ஆகாது என்று தங்கச்சி தடுக்கிறது. நான் உன் பக்கம்தான். இந்தக் கடிதத்தைத் தங்கச்சிக்கே படித்துக் காட்டு.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பக்கத்து வீட்டு மலாய் அம்மா வாசலிலேயே இலந்தை வைத்திருக்கிறார். அவர்களுக்கு அது பிடாரா. அந்த மரம் நிற்கும் வீட்டைக் கெட்டது எதுவும் அண்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. யாருக்காவது மனசு சரியில்லை, கண்பட்டுவிட்டது என்றால் ஏழு இலையை நசுக்கித் தண்ணீரில் போட்டு ஓதிக் குளிக்கச் சொல்கிறார்கள். ஒருநாள் எனக்கும் செய்து காட்டினார். இலையைத் தண்ணீரில் விட்டுக் கசக்கக் கசக்க, சோப்பே இல்லாமல் பச்சை நுரை பொங்கி வருகிறது. இறந்தவரை இந்த இலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவது நபிகள் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். குர்ஆனில் வரும் சித்ர் மரம் இந்த இனம்தான். அரபு நாடுகளில் அதிகம் வளர்வது நம் இலந்தைக்கு உடன்பிறப்பு. இயேசுவுக்குச் சூட்டிய முள்முடி அந்த மரத்து முள்ளால் பின்னியது என்று நம்புகிற கிறிஸ்தவர்களும் உண்டு. அதன் அறிவியல் பெயரே கிறிஸ்துவின் முள் என்றுதான் பொருள்படுகிறது.

நம் பக்கம் மட்டும் என்ன குறை? உன் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி இங்கே பினாங்கில் இறங்கியவர். அந்த நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான் கீழ்வேளூர் இருக்கிறது. அங்கே கேடிலியப்பர் கோயிலின் தலமரம் இலந்தை, ஊருக்கே பதரி வனம் என்று பழைய பெயர். பதரி என்றால் வடமொழியில் இலந்தை. இமயமலைப் பத்ரிநாத்துக்கும் மலாய்க்காரர்களின் பிடாராவுக்கும் அதுதான் வேர். சிவன் குடியிருக்க ஒப்புக்கொண்ட மரத்தடி செந்தூலில் நமக்கு ஆகாமல் போய்விடுமா? ராமனுக்குச் சபரி கடித்துப் பார்த்துக் கொடுத்ததும் இலந்தைப் பழம் என்றுதானே கதை சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீன மருந்துக் கடையில் சிவப்பாக, சுருக்கம் விழுந்து, சாக்கில் குவித்திருக்கும் ஆங் சோவைப் பார்த்திருப்பாய். அதுவும் இலந்தை இனம்தான். நம்முடையது வெயில் நாட்டு இலந்தை, அது குளிர் நாட்டு இலந்தை. கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் பெரியவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் தேநீரில் அதைத்தான் லோங்கான் பழத்தோடு கொதிக்க வைக்கிறார்கள். எத்தனை வருஷம் அந்தக் கடைகளைக் கடந்து போயிருக்கிறோம், இது நம் இலந்தை என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

முள்ளைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணுவுக்கு இரண்டு முள், ஒன்று நேராக இருக்கும், மற்றது கொக்கியாக வளைந்திருக்கும். நேர்முள் குத்தும், வளைந்த முள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடாது. பேரப்பிள்ளை ஓடி விளையாடும் இடத்தில் வைக்காதே, வேலி ஓரம்தான் அதற்குச் சரி. இலையைத் திருப்பிப் பார், மேலே பளபளவென்று பச்சை, அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். காம்பிலிருந்து மூன்று நரம்பு ஓடும். நர்சரியில் வேறு எதையாவது தலையில் கட்டப் பார்த்தால் இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

தோட்டத்தில் உன் அம்மா செய்த இலந்தை வடை இன்னும் என் நாக்கில் இருக்கிறது. கனிந்த பழத்தோடு காய்ந்த மிளகாய், உப்பு, வெல்லம், கொஞ்சம் புளி, பெருங்காயம் சேர்த்து உரலில் கொட்டையோடு இடிப்பார்கள். அதிகம் இடித்தால் கொட்டை உடைந்துவிடும், குறைத்தால் சேராது. கையில் ஒட்டாத பதம் வந்ததும் வட்டமாகத் தட்டி, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் முறத்தில் வைத்து வெயிலில் காயவைப்பார்கள். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் திருப்புவதற்குள் பாதியை நாம் தின்றுவிடுவோம். இப்போது லிட்டில் இந்தியாவில் பாக்கெட்டில் விற்கிறார்கள், இனிப்புத்தான் தூக்கலாக இருக்கிறது. காட்டுப் பழத்தின் அந்தப் புளிப்பு இல்லாமல் அது இலந்தை வடையே அல்ல. புறநானூற்று 177-ஆம் பாட்டில் கூட, கண் சிவக்கக் கள் குடித்தவர்கள் புளிப்புத் தேடிப் போவது களாவும் துடரியும் என்ற முட்செடிப் பழங்களைத்தான்.

கோலாலம்பூரில் மழை ஓயாது என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள். இலந்தை காய்க்க வேண்டுமானால் சில மாதமாவது வறட்சி வேண்டும். வடக்கே எங்களுக்குத் தை மாதத்தையொட்டி அந்த வெயில் கிடைக்கிறது. உனக்குக் காய் குறைவாகத்தான் பிடிக்கும், அதில் சிலதில் புழுவும் விழும். அதனால் வேர் தண்ணீரில் நிற்காத மேட்டில் வை. பழம் புதுக் கிளையில்தான் பிடிக்கும் என்பதால் காய்ப்பு முடிந்ததும் கிளைகளை நன்றாக வெட்டிக் கவாத்து செய். பாவம் பார்த்து விட்டுவிட்டால் மரம் காடாகும், காய் இராது.

கொட்டை போட்டு முளைக்க வைக்காதே, முளைப்பதற்கே நாளாகும், பழம் எப்படி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பாலிக் புலாவ் பக்கம் ஒரு நர்சரியில் ஒட்டுக்கன்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்தில் காய்க்க ஆரம்பித்துவிடும். மாதக் கடைசியில் மருமகன் காரில் அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ இரண்டடி குழி வெட்டி, காய்ந்த சாண எரு போட்டு ஆறவிட்டு வை. தங்கச்சி இன்னும் வேண்டாம் என்றால் எனக்கு போன் போடச் சொல், நானே பேசுகிறேன்.

என்றும் உன்,
முத்து