குளிர்பானப் பங்கு வாங்கும் முன் பெட்டிக்கடையில் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் 'அதிக ஏற்றம் கண்ட பங்குகள்' என்று ஒரு சின்னப் பட்டியல் தினமும் வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எனக்கும் பங்குச்சந்தைக்கும் சம்பந்தம் கிடையாது. திருமங்கலத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குளிர்பான ஏஜென்சி நடத்துகிறேன். கப்பலூரில் இருந்து கள்ளிக்குடி வரை பெட்டிக்கடை, பேக்கரி, டீக்கடை என்று எங்கள் லைன் வண்டி போகிறது.

போன வருடம் பங்குனியில் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை, மாதம் பதினெட்டாயிரம் சம்பளம். "மாமா, நீங்க சரக்கு எடுக்கிற அந்த ஜூஸ் கம்பெனி பங்கு மூணு ரூபா இருபது காசுதான். ரெண்டு நாளா பேப்பர்லயே வருது. நாப்பதாயிரம் பங்கு வாங்கிட்டேன்" என்றான். 1,28,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம், தங்கைக்குத் தெரியாது.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஏனென்றால் அந்தக் கம்பெனியிடம் இருந்து எனக்கு அப்போது மூன்று மாதமாகச் சரக்கே ஒழுங்காக வரவில்லை. குளிர்பான வியாபாரத்தில் மாசி கடைசியில் இருந்து வைகாசி வரைதான் சீசன், அந்த மூன்று, மூன்றரை மாதத்தில் விற்றால்தான் வருடம் முழுக்கச் சாப்பிடலாம். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் மதுரையில் எந்தக் கடையிலும் பாட்டில் நிற்காது. அப்படிப்பட்ட சீசனுக்காக முன்பணம் கட்டி ஐந்து வாரம் காத்திருந்தும் லாரி வரவில்லை, கேட்டால் பாட்டில் சப்ளை செய்பவருக்குப் பாக்கி என்றார்கள். அப்புறம் வந்த சரக்கைப் பார்த்தால் ஆறு மாத ஆயுள் உள்ள மாம்பழ ஜூஸ், அதில் நாலு மாதம் ஏற்கெனவே ஓடிப்போயிருந்தது. எக்ஸ்பைரி ஆன பெட்டிகளுக்குத் தர வேண்டிய பணம், ஸ்கீம் என்று அறிவித்த தள்ளுபடிக்குத் தர வேண்டிய பணம் எல்லாம் நிலுவை. மாதாமாதம் வரும் சேல்ஸ் ரெப் தம்பி மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். கடைகளில் அவர்கள் கொடுத்திருந்த கண்ணாடிக் கதவுக் கூலருக்குள் போட்டிக் கம்பெனி பாட்டில்தான் அடுக்கியிருந்தது.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கேட்கவில்லை. கேட்கும்படி சந்தையும் விடவில்லை. இரண்டு ரூபாய் இருபது காசுக்குப் பக்கத்தில் கிடந்த பங்கு இரண்டே நாளில் 20 சதவீதம், 20 சதவீதம் என்று ஏறி அவன் வாங்கிய விலைக்கு வந்திருந்தது. அதன் பிறகு சந்தை நிர்வாகம் ஒரு நாளைக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று வரம்பு வைத்தது, அன்று வாங்கி அன்றே விற்க முடியாத பிரிவுக்கும் மாற்றியது. அதுவே எச்சரிக்கைதான், ஆனால் அவனோடு வேலை பார்க்கும் பையன்கள் டெலிகிராமில் அதை "தினமும் அப்பர் சர்க்யூட்", அதாவது தினமும் ஏற்ற வரம்பைத் தொடுகிறது என்று கொண்டாடினார்கள். எட்டு நாளில் நாலு ரூபாய் எழுபது காசு. "மாமா, உங்க பேச்சக் கேட்டிருந்தா அறுபதாயிரம் போயிருக்கும்" என்று போன் செய்தான்.

பிறகு லோயர் சர்க்யூட், அதாவது விலை அன்றைய இறக்க வரம்பைத் தொட்டு அங்கேயே நிற்பது. இந்த வார்த்தையின் அர்த்தம் நம் ஊரில் பலருக்கும் பணம் மாட்டிய பிறகுதான் தெரிகிறது. விலை ஒரு நாளைக்கு 5 சதவீதம்தானே இறங்கும், விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். விற்க லட்சக்கணக்கில் பங்கு வரிசையில் நிற்கும், வாங்க ஒரு ஆள் இருக்காது. காலை ஒன்பதேகாலுக்கு ஆர்டர் போட்டால் சாயங்காலம் அப்படியே ரத்தாகி வரும். அவன் ஒன்றரை மாதம் இப்படிப் போட்டுப் போட்டு, ஒரு ரூபாய் பத்து காசில்தான் விற்க முடிந்தது. 84,000 ரூபாய் நஷ்டம். சீட்டுத் தவணை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான், அதில் பாதியை நான்தான் கொடுக்கிறேன். என் தங்கைக்கு இப்போது தெரியும். அந்த வீட்டில் அதன் பிறகு நடந்ததை எழுத மனம் வரவில்லை.

மூன்று ரூபாய் என்றால் மலிவு என்ற எண்ணம்தான் ஆளை விழுத்தாட்டுகிறது. நூறு கோடிப் பங்கு உள்ள கம்பெனியில் ஒரு பங்கு மூன்று ரூபாய் என்றாலும், பத்து லட்சம் பங்கு உள்ள கம்பெனியில் ஒரு பங்கு மூவாயிரம் ரூபாய் என்றாலும், மொத்த விலை முந்நூறு கோடிதான். "மூணு ரூபா பங்கு இன்னும் எங்க இறங்கப் போகுது" என்கிறார்கள். மூன்று ரூபாயில் இருந்து முப்பது பைசாவுக்கு இறங்கினால் போட்ட பணத்தில் பத்தில் ஒன்பது பாகம் போச்சு, முந்நூறில் இருந்து முப்பதுக்கு இறங்கினாலும் அதேதான்.

இன்னொன்றும் சொல்கிறார்கள், "கடன்ல மூழ்கின கம்பெனிய யாராவது பெரிய ஆள் வாங்குவான், அப்ப பங்கு ஏறும்" என்று. 2016இல் வந்த திவால் சட்டப்படி கம்பெனியை விற்றுப் பிரிக்கும்போது தொழிலாளிகள், வங்கிகள், அரசு என்று எல்லோருக்கும் கொடுத்த பிறகு கடைசியில்தான் பங்குதாரர். வாங்க வருகிறவர்களும் பெரும்பாலும் பழைய பங்குகளை ரத்து செய்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். கம்பெனி பிழைக்கும், பங்கு வைத்திருந்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

குளிர்பானம் என்பதால்தான் நம் ஆட்கள் இன்னும் சுலபமாக ஏமாறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. குடித்துப் பார்த்த பொருள், பெயர் தெரிந்த பொருள். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, பவண்டோவுக்கு வந்த கிராக்கியை நானே பார்த்தேன், வண்டியில் ஏற்றுவதற்குள் தீர்ந்துபோகும். உள்நாட்டுப் பானம் என்றாலே வளரும் என்ற நம்பிக்கை அப்போது ஊறியது. ஆனால் பவண்டோ தயாரிக்கும் காளிமார்க் 1916இல் விருதுநகரில் ஆரம்பித்துத் தலைமுறை தலைமுறையாக நடக்கிற குடும்பத் தொழில், அந்தப் பெயரை வைத்து யாரோ ஒரு கம்பெனியின் பங்கை மதிப்பிட முடியாது. இப்போது போட்டியும் வேறு மாதிரி. 2023இல் ரிலையன்ஸ் கேம்பா என்ற பழைய குளிர்பானத்தை மறுபடி இறக்கி 200 மில்லி பாட்டிலைப் பத்து ரூபாய்க்கு விட்டது. கேஸ் ஏற்றிய பானத்துக்கு வரி 40 சதவீதம். அந்தப் பத்து ரூபாயில் வரி, கடைக்காரர் கமிஷன், எங்கள் கமிஷன், லாரி வாடகை போகச் சின்னக் கம்பெனிக்கு என்ன மிஞ்சும்?

பெரிதாக வளர்ந்த கம்பெனிக்கே என்ன ஆனது என்று பாருங்கள். வதோதராவின் மன்பசந்த் பெவரேஜஸ், மேங்கோ சிப் விற்றவர்கள், 2015இல் 320 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார்கள். 2018 மே மாதம், ஆண்டுக் கணக்கு வெளியாகச் சில நாள் இருக்கும்போது ஆடிட்டர் விலகினார், பங்கு லோயர் சர்க்யூட்டில் விழுந்தது. அடுத்த வருடம் ஜிஎஸ்டி மோசடிக் குற்றச்சாட்டில் நிர்வாக இயக்குநரையே கைது செய்தார்கள். பங்கு ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ என்ற நஷ்டக் கம்பெனி 2017 டிசம்பரில் தன் பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றியது, பெயர் மாற்றிய அன்றே பங்கு மூன்று மடங்குக்கு மேல் போய் வந்தது. அடுத்த வருடமே நாஸ்டாக் பங்குச்சந்தை அதை வெளியேற்றியது, 2021இல் அதன் பங்குப் பதிவையே அந்நாட்டுச் சந்தை ஆணையம் ரத்து செய்தது. டீ விற்பனை ஒரு பாட்டில்கூடக் கூடாமல் ஏறிய பங்கு அது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தெந்தப் பங்கு சந்தை நிர்வாகத்தின் கண்காணிப்பில் இருக்கிறது என்ற பட்டியலை மும்பைச் சந்தை, தேசியச் சந்தை இரண்டுமே தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. நீங்கள் அச்சடிக்கும் ஏற்றப் பட்டியலில் அப்படிப்பட்ட பங்கு வந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள், கீழே ஒரு வரியில் 'கண்காணிப்பில் உள்ளது' என்று எழுதுங்கள். திவால் வழக்கு நடந்தால் அதையும் சேருங்கள். இடம் இல்லை என்றால் பத்து ரூபாய்க்குக் கீழே உள்ள பங்குகளை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தில் எப்படிப் புகார் கொடுப்பது என்று தமிழில் ஒரு நாள் அரைப் பக்கம் எழுதினால் இன்னும் நல்லது, டெலிகிராமில் டிப்ஸ் கொடுப்பவர் செபியில் பதிவு செய்தவரா என்று பார்க்கும் முறையையும் அதிலேயே சொல்லலாம்.

என் மருமகன் அந்தப் பங்கின் பெயரை முதலில் பார்த்தது டெலிகிராமில் இல்லை. உங்கள் பேப்பரில்தான். நீங்கள் போட்டதாலேயே அது நல்ல கம்பெனி என்று நம்பினான்.

இப்படிக்கு,
குளிர்பான ஏஜென்சி நடத்தும் உங்கள் வாசகர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.