இரும்புக் கொட்டகைக்கு வயரிங்: ஞாயிற்றுக்கிழமை வரும் தம்பிகளிடம் கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் தரைவீட்டில் குடியிருக்கும் நம்மவர்கள் சிலர் பின்கட்டில் இரும்புக் கொட்டகை போட்டு, சொந்தமாக ஒரு பட்டறை வைத்துக்கொள்கிறார்கள். கிரில் செய்வது, பழைய சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவது, வெல்டிங் பழகுவது எல்லாமே நல்ல வேலைதான். பிள்ளைகளும் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைப்பவன் நான். ஆனால் அந்தக் கொட்டகைக்கு மின்சாரம் போகிற விதத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரிஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் மைத்துனர் வீட்டில் பார்த்ததையே சொல்கிறேன். குத்தகைக்காரர் இரும்பு வேலையை நன்றாகவே செய்திருந்தார். தூணுக்கு அடியில் பேஸ் பிளேட், ஆங்கர் போல்ட், மேலே பர்லின் (கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), ஜிங்க் கூரை எல்லாம் நேராக, கச்சிதமாக இருந்தன. மின்சாரம் மட்டும் சமையலறையில் குளிர்பெட்டிக்குப் பக்கத்து பிளக்கிலிருந்து வந்தது. சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளை வெளியே இழுத்து, பர்லினில் டிரில் செய்த துளை வழியாக நுழைத்திருந்தார்கள். அந்தத் துளையின் விளிம்பில் விரலை வைத்தேன், பிசிறு சுருக்கென்று குத்தியது. கேபிள் அந்த விளிம்பின்மேல்தான் கிடந்தது. கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் கூரை நடுங்கும். கூடவே கேபிளும் விளிம்பில் உரசும். மேல் உறை கிழிந்து, உள்ளேயிருந்த, கரண்ட் வரும் பழுப்பு வயரின் தோலும் சுரண்டப்பட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் கொட்டகை முழுவதிலும் 230 வோல்ட் ஏறியிருக்கும். இத்தனைக்கும் எந்தத் தூணுக்கும் எர்த் இல்லை. கசிகிற மின்சாரம் மண்ணுக்கு இறங்க வழி இல்லாவிட்டால் இரும்பிலேயே நிற்கும். மழை ஈரத்தில் வெறுங்காலோடு வந்து தூணைப் பிடிக்கிற ஆள்தான் அதற்கு வழியாவார்.

மரக் கொட்டகையிலோ செங்கல் அறையிலோ ஒரு வயர் பழுதானால் ஆபத்து அந்த இடத்தோடு நிற்க வாய்ப்பு உண்டு. இரும்புக் கொட்டகையில் கட்டடமே ஒரு பெரிய வயர். அதனால் தூணை நடுவதற்கு முன்பே மின்சாரம் எந்தப் பக்கம் வரும், எர்த் எங்கே இறங்கும் என்று முடிவு செய்துவிட வேண்டும். கூரை போட்டு முடித்த பிறகு யோசிக்கிற விஷயமில்லை இது.

கணக்கும் ஒத்துவராது. நம் வீட்டு பிளக் 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 3,000 வாட். சின்ன கிரைண்டருக்கு அது தாராளம். 3.2 மில்லிமீட்டர் வெல்டிங் ராடு எரிக்கும் சாதாரண இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினோ 20 ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும். கம்ப்ரஸர் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு எடுக்கும். ‘ஃபியூஸ்தான் இருக்கிறதே’ என்பார்கள். 13 ஆம்பியர் ஃபியூஸ் 20 ஆம்பியரில் உடனே போகாது, அரை மணி நேரம்கூடத் தாங்கும். அதற்குள் பிளக்கின் கால்கள் சூடாகிச் சுவரில் இருக்கும் சாக்கெட் உருக ஆரம்பித்துவிடும். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துச் செய்வதும் உதவாது. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அவர்கள் காட்டும் வயர் அளவும் பிரேக்கரும் இங்கே பொருந்தா.

வெல்டிங் செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மெஷினிலிருந்து இரண்டு கேபிள் வரும். ஒன்று ராடு பிடிக்க, மற்றது வேலைப்பொருளில் மாட்டுகிற கிளாம்ப். பலர் அந்தக் கிளாம்பைக் கைக்கு எட்டிய தூணில் மாட்டிவிட்டு, தூணோடு ஒட்டி நிற்கும் மேசையில் வெல்டிங் அடிப்பார்கள். நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும் கரண்ட் திரும்பிப் போக எது சுலபமோ அந்த வழியைத் தேடும். போல்ட் மூட்டில் துருவோ பெயின்ட்டோ இருந்தால், பக்கத்தில் பிளக்கில் மாட்டியிருக்கும் டிரில் மெஷினின் மெல்லிய எர்த் வயர் வழியாகப் போகும். அந்த வயர் உள்ளுக்குள்ளேயே கருகிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் அந்த மெஷினுக்கு எர்த்தே இருக்காது. கப்பலில் வேலை பார்த்த எல்லாருக்கும் இது பாலபாடம். கிளாம்பை வெல்டிங் அடிக்கும் பொருளிலேயே மாட்டுங்கள், அதுவும் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

ஆர்சிசிபி (மின்கசிவுத் துண்டிப்பான்) இருக்கிறது என்ற தைரியமும் இங்கே போதாது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய பழைய வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கி, 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். நல்ல சட்டம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை அறுத்துவிடும் கருவி அது. ஆனால் வெல்டிங் மெஷினுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால், ராடு பக்கம் அடிக்கிற ஷாக் ஆர்சிசிபியின் கண்ணுக்கே தெரியாது. ராடு சும்மா இருக்கும்போது அதில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். நம் ஊர் புழுக்கத்தில் கையுறை வியர்வையில் ஊறிப்போயிருக்க, முதுகு இரும்புத் தூணில் சாய்ந்திருக்க, 80 வோல்ட் ஆளைக் கொன்றுவிடும். மெஷின் வாங்கும்போது விஆர்டி வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ராடு எரியாத நேரத்தில் அது வோல்ட்டைக் குறைத்துவிடும். (ஜிங்க் பூசிய இரும்பை வெல்டிங் அடித்துவிட்டுப் பால் குடித்தால் சரியாகிவிடும் என்று இன்னும் சொல்கிறார்கள். ஆகாது. அடிக்கிற இடத்தில் ஜிங்க்கைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் நின்று அடிப்பதுதான் வழி.)

இனி, எனக்கு அதிகம் மனம் உறுத்துகிற விஷயம். இரும்பு வேலைக்கு வரும் தமிழ்நாட்டுத் தம்பிகளிடமே ‘அப்படியே வயரிங்கும் பண்ணிக் கொடுத்துடுப்பா’ என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, கையில் கொஞ்சம் காசு, மதியம் பிரியாணி. அந்தப் பையனும் ‘சரிண்ணே’ என்கிறான். ஊரில் அவன் பழகியது சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்). இங்கே 2009ல் நிறங்களை மாற்றினார்கள். பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம் நியூட்ரல். மூன்று ஃபேஸ் வரும் தரைவீட்டில் அவன் நியூட்ரல் என்று நம்பித் தொடுகிற கறுப்பில் கரண்ட் இருக்கும். பழைய வீடாக இருந்தால் இரண்டு நிற முறையும் ஒரே மின் பெட்டிக்குள் கலந்து கிடக்கும். அவன் திறமைசாலிதான், உரிமம் உள்ளவரின் மேற்பார்வையில் அருமையாக வேலை செய்வான். தனியாக அந்தப் பெட்டியைத் திறக்கவைப்பது அவன் உயிரோடு விளையாடுவது. வேலை அனுமதியில் இருப்பவர் தன் முதலாளியைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. பிடிபட்டால் அவன் பிழைப்பே போய்விடும். உங்கள் சில நூறு வெள்ளி மிச்சத்துக்காக அவன் குடும்பம் ஏன் அழ வேண்டும்?

சட்டப்படி வயரிங் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் செய்ய வேண்டும். வீட்டுப் பட்டறைக்கு 45 கேவிஏ (மின் சுமையின் அளவு) வரை உரிமம் உள்ள எலெக்ட்ரிஷியனே போதும். ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்க்கலாம். மைத்துனர் வீட்டுக்கும் பிறகு அப்படி ஒருவரைத்தான் அழைத்தோம். ஏர்கான், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் கூட்டி, வீட்டு மெயின் தாங்குமா என்று முதலில் கணக்குப் போட்டார். மெயின் பெட்டியிலிருந்து தனி கேபிள் இழுத்து, கொட்டகைக்கென்று தனி டிபி (மின் விநியோகப் பெட்டி), தனி ஆர்சிசிபி, கம்ப்ரஸருக்கும் வெல்டிங்குக்கும் தனித்தனி பிரேக்கர் வைத்தார். கேபிள் முழுக்கக் குழாய்க்குள் போனது, துளைக்குத் துளை ரப்பர் வளையம். தூண்களை எர்த்தோடு இணைத்தார். சுவிட்ச் பெட்டிகளுக்குக் கேபிள் கீழ்ப்பக்கமாக நுழைகிறது, ஏனென்றால் மழை இரவில் ஜிங்க் கூரையின் அடியில் வியர்த்துச் சொட்டும் தண்ணீர் மேலிருந்துதான் வரும்.

கொட்டகை போடவே நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதியும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதியும் உண்டு, அவற்றை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். குடியிருப்பு வீட்டில் வெல்டிங்கைத் தொழிலாக நடத்த முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் அவர்களே, தொழிலாளர் தங்கும் விடுதிகளில் நடக்கும் தமிழ் நிகழ்ச்சிகள் பலவற்றை உங்கள் நாளிதழ் வெளியிடுகிறது. அந்த விடுதிகளின் அறிவிப்புப் பலகைகளில், ஊர் நிறம் எது, சிங்கப்பூர் நிறம் எது என்று படத்தோடு பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டிவைக்க விடுதி நடத்துபவர்களோ தொண்டூழியர்களோ முன்வந்தால், அதை எழுதிக் கொடுக்கவும், நேரில் வந்து விளக்கவும் நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் பட்டறை எலெக்ட்ரிஷியன்,
ஈசூன்