சி.ஏ. எழுதிய மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.வின் இடைநிலைத் தேர்வில் (இன்டர்), முதல் குரூப்பின் மூன்று தாள்களிலும் 40-ஐத் தாண்டியும், தேர்ச்சிக்கு வேண்டிய மொத்தம் 150 வராமல் 147-இல் நின்றுவிட்டதாக உன் அப்பா சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் 'தோல்விதான் வெற்றிக்கு முதல் படி' என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போகிறார்களாம். எந்தத் தோல்வியும் தானாகப் படியாகிவிடுவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதியபோது, இஸ்ரோ தலைவர் கண்ணீர் விட்டதை நாடே பார்த்தது. அதன்பின் நடந்த வேலையைப் பார்த்தவர்கள் குறைவு. நேரம் சரியில்லை என்று ஒதுக்கிவிடாமல், என்ன நடந்தது என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்ததால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைச் சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்த வேளையில், திரும்பும் வேகத்துக்கு மென்பொருளே வரம்பு வைத்திருந்தது. இறங்கக் குறித்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இல் அந்த இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது, நடு எஞ்சின் நீக்கப்பட்டது, கால்கள் வலுவாயின, எரிபொருள் கூடியது. எவையெல்லாம் தவறக்கூடும் என்பதிலிருந்தே வடிவமைக்கப்பட்ட அந்தக் கலம் 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரமாக இறங்கியது. சந்திரயான்-2இல் பிழைத்து நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த சுற்றுக்கலனையும் அவர்கள் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

உனக்கும் வரித் தாளில் 62 இருக்கிறது. 60-க்கு மேல் என்பதால் அடுத்த மூன்று முறைக்கு அந்தத் தாளை எழுத வேண்டியதில்லை. மீதியுள்ள இரண்டின் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்துவிடு. 30 மதிப்பெண் கொள்குறி வினாக்களில் எவ்வளவு போயிற்று, 70 மதிப்பெண் விரிவான விடைகளில் எவ்வளவு போயிற்று என்று தனித்தனியே எழுதிப் பார். சட்டத் தாளில் விதியை மட்டும் சொல்லிவிட்டு, கேள்வியில் கொடுத்த நிகழ்வுக்கு அதைப் பொருத்திக் காட்டாமல் விட்டாயா? கணக்கியலில் விடை வந்த வழியைக் காட்டும் ஒர்க்கிங் நோட்ஸ் இல்லாமல் விடையை மட்டும் எழுதினாயா? இன்னும் கடினமாகப் படி என்று பொதுவாகச் சொல்கிறவர்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அழ வேண்டும் போலிருந்தால் அழு, யாரும் தடுக்கமாட்டோம். நகலுக்கு விண்ணப்பிக்க மட்டும் முடிவு வந்த நாளிலிருந்து 30 நாட்கள்தான் அவகாசம்.

அன்புடன்,
அத்தை