காற்றாலை பற்றிய விளம்பரப் பலகைகளில் கணக்கைச் சரியாகப் போடக் கோரி மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

முப்பந்தல் பக்கம் ஒரு காற்றாலையில் பதினெட்டு வருஷமாக ஆபரேட்டராக இருக்கிறேன், வீடு ஆரல்வாய்மொழி. போன மாதம் எங்கள் பக்கத்தில் நடந்த கண்காட்சி ஒன்றில், 'இந்தியாவின் பாதி மின்சாரம் காற்றிலும் வெயிலிலும் கிடைக்கிறது' என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்பதை விடுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் கணக்கு தப்பு.

2025 ஜூனில் பாதியைத் தொட்டது நிறுவுதிறன், அதாவது எல்லாம் முழுசாக ஓடினால் எவ்வளவு தரும் என்கிற கணக்கு. அந்தப் பாதியிலும் பெரிய அணைகளின் நீர்மின்சாரமும், பக்கத்துக் கூடங்குளம் மாதிரி அணு உலைகளும் அடக்கம். உண்மையில் உற்பத்தியான யூனிட்டைப் பார்த்தால் 2024-25-ல் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரிதான்.

எங்கள் சைட்டில் 250 கிலோவாட் பழைய மெஷின் ஒன்று நிற்கிறது. நாள் முழுக்க முழுத்திறனில் ஓடினால் 6,000 யூனிட். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது ரீடிங் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஐப்பசியில் பல நாள் லாக் புக்கில் 'காற்று இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருப்போம், அப்போது மெஷினே தன் கன்ட்ரோல் பேனலுக்கு ஈபி கரண்டை இழுக்கும், மீட்டரில் இம்போர்ட் ரீடிங் தனியாக ஏறும். நல்ல காற்று இருக்கும்போதே கிரிட் தாங்காது, நிறுத்து என்று போன் வருகிற நாளும் உண்டு. பலகையில் மட்டும் அது என்றைக்கும் 250 கிலோவாட்.

எதிர்ப்பக்கமும் யோக்கியமில்லை. காத்தாடிதான் மழையை விரட்டுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, தோவாளைப் பூந்தோட்டக்காரர்கள் சிலர் என்னிடமே சண்டைக்கு வந்தார்கள். தென்மேற்குப் பருவமழையை மலை மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கமே கொட்ட வைத்துவிட்டு எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்புகிறது, இது காற்றாலை வருவதற்கு முன்பிருந்தே உள்ள கதை. ஆனால் இதை எடுத்துச் சொல்லப் போனால், 'உங்க பலகையில இருக்கிறதே பொய்தானே' என்கிறார்கள். அப்புறம் நான் என்ன பேச?

ஆகவே, நம் மாவட்டத்தில் இனி வைக்கும் பலகையிலும் துண்டறிக்கையிலும் மெகாவாட்டை மட்டும் போடாமல், போன வருஷம் உண்மையில் வந்த யூனிட், எந்தத் தேதிக் கணக்கு, அணுவும் அணையும் அதில் சேர்ந்ததா என்பதையும் போட உத்தரவிட வேண்டுகிறேன். மாவட்டக் காற்றாலைகளின் மாதவாரி உற்பத்தியை, காற்றில்லாத மாதங்களையும் சேர்த்து, மாவட்ட இணையதளத்தில் தமிழில் போட்டால் போதும். மழை வதந்திக்கும் அதே இடத்தில் நாலு வரி பதில் வேண்டும்.

லாக் புக் எப்படி எழுதுகிறோம் என்று அதிகாரிகள் யாராவது பார்க்க விரும்பினால், ஷிப்ட் இல்லாத ஒரு திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு நானே வந்து விளக்குகிறேன்.

இப்படிக்கு,
காற்றாலை ஆபரேட்டர்,
ஆரல்வாய்மொழி, தோவாளை வட்டம்.